பெரிலின் ஃபெரட்களுக்கு வந்த ஈரல்

ஹை ராஸ்கில் பண்ணை, வேர்டேல்
19 ஜனவரி 1986

அன்புள்ள பெரில்,

ஏதாவது நல்ல செய்தி இருந்தால் எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். வந்ததோ கெட்ட செய்தி. ஹேசலின் மட்டக்குதிரை நட்மெக் செத்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தது. முன்னங்கால் முட்டிக்குக் கீழே மடங்கித் தொங்கியது. வில்ஃப் துப்பாக்கியை எடுக்க வீட்டுக்குள் போனார். ஹேசல் பனியில் உட்கார்ந்து குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சுடறதா இருந்தா என்னையும் சேத்துச் சுடுங்கப்பா" என்றாள். பதிமூன்று வயதுப் பெண் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் என்ன பேசுவது? கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். அவர் ஊசி போட்டார். நட்மெக் ஒரு பெருமூச்சு விட்டுத் தலையை அவள் மடியில் சாய்த்தது. அவ்வளவுதான். நான் இவளை இழுக்காத குறையாக உள்ளே கூட்டிவந்தேன். மருத்துவர் வெளியே வில்ஃபிடம் என்னவோ சொல்லிவிட்டுப் போனார்.

வில்ஃப் ஒற்றை ஆளாகக் கீழ்வயலில் புதைத்திருக்கிறார். நிலம் பாறையாக உறைந்து கிடக்கிறது, அந்த முட்டி வலியோடு எப்படித் தோண்டினாரோ. மறுநாள் ஹேசலை அழைத்துப் போய் மண்மேட்டைக் காட்டினார். அன்றிலிருந்து அவள் காலையில் எழுந்ததும் முதலில் அங்கேதான் போகிறாள்.

இன்னொரு விஷயம். பஸ் ஓட்டும் ஆர்ச்சியிடம் உனக்கு ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மேல்பண்ணையில் ஆடு வெட்டினார்களாம். வில்ஃப் அங்கிருந்து ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாம் வாங்கித் துண்டு போட்டு, காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். "உன் தங்கச்சி வீட்டு மகாராணிங்களுக்கு அனுப்பு" என்றார். உன் ஃபெரட்களுக்கு என்று நான் கேட்கவே இல்லை பெரில். தானாகச் சொன்னார். போன வசந்தத்தில் நீ அவரைப் பேசிய பேச்சுக்கு, அவர் இவ்வளவு இறங்கி வந்தது பெரிது. நீயும் ஒரு வரி நன்றி எழுதினால் ஒன்றும் குறைந்து போய்விட மாட்டாய்.

பனியில் டெலிபோன் கம்பி அறுந்து தொங்குகிறது. சரியாக இருந்தாலும் நீ கூப்பிடப் போவதில்லை. அவர் எடுத்துவிடுவாரே என்று பயம் உனக்கு.

உன் அக்கா,
நோர்மா


டார்லிங்டன்
22 ஜனவரி

நோர்மா,

ஹேசலை நினைத்து இன்று பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும்போதே அழுதுவிட்டேன். கூட வேலை செய்பவள் வெங்காயத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். விடுமுறை வந்தால் அவளை இங்கே அனுப்பு. பேச வேண்டாம், சும்மா இருக்கட்டும்.

வில்ஃபுக்கு நன்றி. எழுதிவிட்டேன், காட்டு. ஆனால் அன்றைக்குச் சொன்ன எதையும் நான் திரும்பப் பெறவில்லை என்பதையும் காட்டு. முட்டி வலிக்கிறது, இனி முயல் வேட்டைக்குப் போக முடியாது என்றதும், கீரி மாதிரி நீள உடம்பை வளைத்து முயல் வளைகளில் புகுந்து புகுந்து தனக்காக உழைத்த ஐந்து ஃபெரட்களையும் சாக்கில் போட்டுக் கட்டியவர் அவர். நான் சாக்கைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்காவிட்டால் அன்றே தொட்டித் தண்ணீரில் முடிந்திருக்கும். இன்று அவை என் சோபாவில் தூங்குகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் பாலிஸ்டர் அவற்றை நீள எலிகள் என்கிறார். சொல்லிக்கொண்டே தோட்டத்து வேலி வழியாக முட்டையும் கொடுக்கிறார்.

பொட்டலம் நல்ல பொட்டலம். மறுப்பதற்கில்லை. மாலை முழுக்க அதோடுதான் உட்கார்ந்திருந்தேன். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் போட்டால் போதும் என்று வில்ஃப் இருபது வருஷம் சாதித்தார். அதனால்தான் அவற்றின் பல்லும் வயிறும் அந்த லட்சணத்தில் இருந்தன. இவை பச்சை இறைச்சி தின்னப் பிறந்தவை. இதயம்தான் பாதிக்கு மேல். ஈரல் கொஞ்சம்தான், ஆசைப்பட்டு அள்ளிப் போட்டால் எலும்பைக் கெடுத்துவிடும். சிறுநீரகத்தைப் பிளந்து நடு வெள்ளையை எடுத்துவிடுவேன். எல்லாவற்றையும் கையால் சுற்றும் அரைவை எந்திரத்தில் நறநறவென்று விட்டு, வடிகிற ரத்தத்தையும் வீணாக்காமல் ஊற்றி, முட்டை ஓட்டுப் பொடி தூவி, சின்னச் சின்ன டப்பாக்களில் உறைய வைத்துவிட்டேன். போடும் நேரத்தில் டப்பாவை வெந்நீரில் வைத்துக் கைச்சூட்டுக்குக் கொண்டுவந்தால் போதும், வாசனைக்கே ஐந்தும் ஓடிவந்து என் கணுக்காலில் ஏறும். பிஷப் தன் பங்கை இழுத்துப் போய் என் செருப்புக்குள் ஒளித்து வைப்பான். பிஸ்கட் அதைத் திருடுவான்.

பித்தப்பையை வெட்டி எறியலாம் என்று ஈரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், இருந்த இடமே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக வில்ஃப் எடுத்திருக்கிறார். இதயத் துண்டுகளும் தடி தடியாக இருந்தன. மேல்பண்ணையில் ஆட்டை வளர்க்கிறார்களா, எருமையையா?

ஃபெரட் சங்கத்து ஐவி ஸ்டாபர்ட்டுக்கும் இரண்டு டப்பா கொடுத்தேன். நாளைக்கு என் வீட்டில் விருந்து.

பெரில்


டார்லிங்டன்
25 ஜனவரி

நோர்மா,

உன் புருஷன் என் ஃபெரட்களைக் கொன்றுவிட்டார்.

இந்த வரியை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீயே முடிவு செய்துகொள்.

வியாழன் மாலை டப்பாவைத் திறந்து வைத்தேன். தட்டை நக்கிப் பளபளப்பாக்கிவிட்டு ஐந்தும் என் பழைய ஸ்வெட்டருக்குள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுருண்டன. காலையில் எழுந்து பார்த்தால் அதே நிலையில் இருந்தன. நான் சிரித்தேன் நோர்மா. ஃபெரட் தூங்கினால் பிணம் மாதிரிதான் தூங்கும். தூக்கினால் ஈரத் துணி போலத் தொங்கும், ஆட்டினாலும் எழாது. முதல் மாதத்தில் நான் எத்தனை முறை பயந்து அலறியிருக்கிறேன், எத்தனை முறை அது கொட்டாவி விட்டு என்னைப் பார்த்திருக்கிறது! வயிறு நிறைந்த தூக்கம் என்று போர்த்திவிட்டு வேலைக்குப் போனேன்.

மத்தியானம் வந்து பிஷப்பைத் தூக்கினேன். கட்டையாக இருந்தான். பிஸ்கட்டும். மற்ற மூன்றும் துவண்டு சில்லிட்டிருந்தன. மூச்சு எனக்குத் தெரியவில்லை. ஐந்தும் போய்விட்டன என்றுதான் நினைத்தேன். என் கூச்சலைக் கேட்டு பாலிஸ்டர் வேலியைத் தாண்டி வந்தார். அவரே கடப்பாரை எடுத்து ரோஜாச் செடி ஓரம் தோண்டினார். பிஷப்பையும் பிஸ்கட்டையும் புதைத்தோம். மஃபினையும் சார்ஜெண்டையும் பெட்டியில் வைத்து மூடினேன். அடுத்த குழி தோண்டுவதற்குள் இருட்டிவிடும் போலிருந்தது. டச்சஸை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். எதனால் செத்தது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

அவர் காதில் குழாயை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு சொன்னார்: "இது சாகலம்மா. இதயம் துடிக்குது. ரொம்ப மெதுவா."

நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. டச்சஸை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். தொப்பி தெருவில் விழுந்தது. வீட்டுக்குள் வந்து பெட்டியைத் திறந்து இரண்டையும் அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளியில் போட்டேன். போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய், கையால், நோர்மா, கையாலேயே அந்த மண்ணைத் தோண்டினேன். பாலிஸ்டர் மண்வெட்டி எடுத்துவரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை.

பிஷப்பும் பிஸ்கட்டும் செத்துத்தான் இருந்தார்கள். வீட்டுக்கு வந்த மருத்துவர் அவர்களைப் பார்த்து, புதைப்பதற்கு வெகு முன்பே போய்விட்டார்கள், நான் தப்பு எதுவும் செய்யவில்லை என்றார். அவர் அப்படித்தானே சொல்வார்.

மஃபினும் சார்ஜெண்டும் இன்று காலை ஒன்றன் பின் ஒன்றாக அடங்கிவிட்டன. நான்கையும் ரோஜாச் செடி ஓரமே புதைத்தோம். டச்சஸ் மட்டும் வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவில் கிடக்கிறது. இதுவரை கண்ணைத் திறக்கவில்லை.

ஏதோ தூக்க மருந்து, தின்றதில்தான் இருந்திருக்கிறது என்கிறார் மருத்துவர். மிச்ச டப்பாவைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். ஐவி வீட்டுக்கு ஓடினேன். அவள் டப்பாவை வெந்நீரில் வைத்திருந்தாள், தட்டு கையில் இருந்தது. கதவைத் தட்டாமல் உள்ளே போய் அந்தத் தட்டைத் தட்டிவிட்டேன். ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் அவளுடைய இரண்டும் போயிருக்கும்.

சாக்கில் கட்டி அமுக்க நினைத்தது அன்று நடக்கவில்லை. அதைப் பொட்டலமாகக் கட்டி அனுப்பி முடித்துவிட்டார். அவரைக் கேள்.

பெரில்


ஹை ராஸ்கில் பண்ணை
28 ஜனவரி

பெரில்,

உன் கடிதத்தை மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டு படித்தேன். பாதியிலேயே பால் வாளி மேல் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, அந்தப் பிராணிகள். உன் கை. அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் நீ எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள முடியாது. இருபத்திரண்டு வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் செய்கிறேன். முரடர்தான். சாக்கில் கட்டியது உண்மைதான், இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் எல்லாரும் செய்வதைத்தான் செய்யப் போனார். மறைவாக விஷம் வைக்கிற ஆள் அவர் இல்லை. அந்த மாதிரி யோசிக்கவே அவருக்குத் தெரியாது. கோபம் வந்தால் எதிரே நின்று கத்துவார், கதவை உதைப்பார், அப்புறம் டீ கேட்பார்.

உன் பள்ளிக்கூடத்தில் எலி மருந்து வைப்பதில்லையா? உன் அரைவை எந்திரத்தில் என்ன ஒட்டியிருந்தது? அந்த நீள எலிக்காரர் கொடுத்த முட்டையில் என்ன இருந்தது? எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக வில்ஃப் மேல் பாய்கிறாய். அவர் உனக்குப் பிரியமாக அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு துண்டாகத் துடைத்துக் காகிதத்தில் சுற்றினார்.

அவரைக் கேட்டேன். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "அத்தனையுமா?" என்றார். நான் ஆமாம் என்றதும் எழுந்து வெளியே போய்விட்டார். சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. இவ்வளவு வருத்தப்படுகிறவரையா நீ கொலைகாரன் என்கிறாய்?

இன்னொன்றும் சொல்கிறேன். தபாலை எடுத்துவருவது ஹேசல். உன் கையெழுத்தைப் பார்த்தால் ஆசையாகப் பிரிக்கப் பார்ப்பாள். அவள் இப்போது இருக்கும் நிலையில் இப்படியெல்லாம் எழுதாதே. மேட்டின் மேல் வைக்க முதல் பனிப்பூக்கள் பூத்துவிட்டனவா என்று வேலி வேலியாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நோர்மா


டார்லிங்டன்
3 பிப்ரவரி

நோர்மா,

கடித உறையில் உன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, ஆர்ச்சியிடம் உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தனியாக இருக்கும்போது படி. படித்துவிட்டு அடுப்பில் போடு.

சோதனை முடிவு வந்துவிட்டது. எலி மருந்து இல்லை. மருத்துவர் என்னை உட்காரச் சொன்னார். உட்கார வைத்துச் சொல்லும் செய்தி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? பெரிய பிராணிகளை வலியில்லாமல் முடிக்கப் போடும் ஊசி மருந்து அது என்றார். செத்த பிறகும் இறைச்சியிலேயே தங்கிவிடுமாம். உறைய வைத்தாலும் போகாது, வேக வைத்தாலும் போகாது. ஈரலில்தான் அதிகம் நிற்குமாம்.

அப்புறம் அவர் கேட்டார்: "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது சமீபத்துல குதிரைய ஊசி போட்டு முடிச்சாங்களா?"

சுவரில் ஒரு காலண்டர் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் குதிரை என்று கேட்டேன். டப்பா இறைச்சியின் நாரைப் பார்த்ததும் அவருக்கு ஆடு என்று படவில்லையாம். நான் பித்தப்பை கிடைக்காததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆட்டுக்கு உண்டு, மாட்டுக்கு உண்டு. குதிரைக்குப் பித்தப்பையே கிடையாதாம்.

என் கையாலேயே அரைத்தேன் நோர்மா. சண்டைக்கு முந்தின கிறிஸ்துமஸில் நட்மெக்குக்குக் கேரட் கொடுத்த கை இது.

வில்ஃப் வேண்டுமென்று விஷம் வைத்தார் என்று எழுதினேன். அப்படி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. மருந்து இறைச்சியில் தங்கும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் இது அதைவிடச் சின்ன விஷயமா, பெரிய விஷயமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ கீழ்வயலுக்குப் போய்ப் பார். ஹேசல் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது போ.

டச்சஸ் கண் திறந்துவிட்டது. நிற்கப் பார்த்தால் பின்னங்கால் சரிகிறது. சொட்டு சொட்டாகக் கோழிச் சாறு நக்குகிறது.

பெரில்


ஹை ராஸ்கில் பண்ணை
7 பிப்ரவரி

பெரில்,

இந்தக் கடிதத்தை ஹேசலே உன்னிடம் கொடுப்பாள். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

வேலிக்கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். மேட்டில் குத்தினேன். ஒரு சாண் இறங்கியது, அப்புறம் டங்கென்று நின்றுவிட்டது. நாலு பக்கமும் குத்திப் பார்த்தேன். குனிந்து கையால் மண்ணை விலக்கினேன். கீழே புல் இருந்தது பெரில். உறைந்த, மடங்காத பழைய புல். யாரும் அந்த இடத்தைத் தோண்டவே இல்லை. மேலே கொட்டியிருந்தது மாட்டுக்கொட்டகைப் பின்பக்கத்து மண். அதன் மேல் என் மகளின் கம்பளிக் கழுத்துத்துண்டும் பூக்களும்.

வில்ஃப் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். பூட்சைத் தட்டி வெளியே வரச் சொன்னேன். கையில் இருந்த மண்ணைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிச் சக்கரத்தின் மேல் வைத்தார்.

"கடப்பாரை தெறிச்சுது நோர்மா. எங்க குத்தினாலும் தெறிச்சுது. மேல அவ அழற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. புதைச்சாச்சுன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

செத்த கால்நடைகளை எடுக்கும் வண்டிக்காரனை வரச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் நானும் ஹேசலும் மாதா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவன் வந்து ஏற்றிப் போயிருக்கிறான். அதற்கு முன்பு இவர் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றைத் திறந்திருக்கிறார். நல்ல இறைச்சி, வாட்டசாட்டமான குதிரை, பெரிலிடம் இருக்கும் என் ஃபெரட்கள் தின்னுமே என்று தோன்றியதாம். பெரிலும் நாமும் பேசிக்கொள்ள ஒரு வழி பிறக்குமே என்று தோன்றியதாம். குதிரை என்றால் நீ வாங்க மாட்டாய் என்று ஆடு ஆக்கிவிட்டார். ஊசி போட்ட மருத்துவர், ஆழமாகப் புதைக்க வேண்டும், நாயோ நரியோ கிட்டே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இவர் அது நாற்றத்துக்குச் சொல்வது என்று நினைத்துக்கொண்டார்.

மீதி எங்கே போனது என்று விசாரித்து வரச் சொல்லி அவரை அந்த நிமிஷமே விரட்டினேன். வேறு எந்த நாயும் பூனையும் தின்றிருக்கக் கூடாதே. பசை காய்ச்சும் இடத்துக்குப் போய்விட்டதாம், எங்கேயும் இறைச்சியாக விற்கவில்லை. அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னார். பசை.

இதையெல்லாம் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் ஹேசல் நின்று கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கொதிகலன் உடைந்து சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். நான் திரும்பியபோது பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியும். "பெரில் சித்தியோட ஃபெரட்டுங்க செத்ததும் இதனாலயா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் அப்பாவைப் பார்க்காமலே மாடிக்குப் போனாள்.

உன்னிடம் போக வேண்டும் என்கிறாள். நாளைக் காலை பஸ் ஏற்றிவிடுகிறேன்.

உனக்கு நான் எழுதியதற்கெல்லாம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த வாளி மேல் உட்கார்ந்து உன் எந்திரத்தைக் குறை சொன்னேன்.

நோர்மா


டார்லிங்டன்
13 பிப்ரவரி

நோர்மா,

அவள் பத்திரமாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்ததும் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நேராக உள்ளே போய் டச்சஸ் இருக்கும் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் அங்கேயே தட்டை வைத்தேன். சாப்பிட்டாள்.

உன் எந்திரம், என் எந்திரம் என்றெல்லாம் இனிப் பேச வேண்டாம். நானும்தான் கொலைகாரன் என்று எழுதினேன்.

முதல் நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை டச்சஸுக்கு நான் கரண்டியில் ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அன்னைக்கு அதுங்க ருசிச்சுச் சாப்பிட்டுச்சா சித்தி?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். அவளுக்குப் போதுமான பொய் சொல்லியாகிவிட்டது என்று பட்டது. "தட்ட நக்கிட்டுப் போச்சுங்க கண்ணு" என்றேன். அவள், "அப்ப நட்மெக் வீணாகல" என்றாள். சொன்ன உடனே, "ஆனா அதுங்கள கொன்னுட்டான்" என்றாள். அப்போதுதான் அழுதாள். நல்லவேளை, அழுதாள். நான் கூடவே தரையில் உட்கார்ந்தேன். டச்சஸ் கூடையிலிருந்து சரிந்து சரிந்து வந்து அவள் காலணி நாடாவைக் கடித்தது.

அதற்குப் பிறகு டச்சஸின் சாப்பாட்டை அவளே செய்ய வேண்டும் என்றாள். கசாப்புக் கடைக்கு அழைத்துப் போனேன். கோழி இதயம் கேட்டோம். கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது இவள், "இது யாரோடது?" என்றாள். கோழியோடதும்மா என்றார். "அது எப்படிச் செத்துச்சு?" என்றாள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தன் கையாலேயே கழுத்தை அறுத்ததாக, மருந்து மாயம் எதுவும் இல்லை என்று நிதானமாகச் சொன்னார். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு இதயத்தையும் பிளந்து, ரத்தக் கட்டியைக் கழுவி, எந்திரத்தில் தானே போட்டுச் சுற்றினாள். முகம் வெளிறிப்போயிருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. டச்சஸ் நான்கு வாய் தின்றது. ஈரல் வைத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வற்புறுத்தவில்லை.

நேற்று அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். என் தோட்டத்தில் இருக்கும் நான்கையும் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். கீழ்வயலில், அந்த மேட்டில் புதைக்கணுமாம். "நட்மெக்ல மிச்சம் இருக்கறது இவங்களுக்குள்ளதான் இருக்கு, வேற எங்கயும் இல்ல" என்கிறாள்.

நான் முடியாது என்றேன். முதலில் முடியாது என்றுதான் சொன்னேன் நோர்மா. அவை என் பிள்ளைகள். அந்த மனிதரின் மண்ணிலிருந்து சாக்கோடு தூக்கி வந்தவை, திரும்ப அங்கேயா? அதோடு, ரோஜாச் செடிக்கு அடியில் மறுபடியும் கையை வைக்க என்னால் முடியாது. அவள் கெஞ்சவில்லை, சரி என்றாள். மாலையில் ஜன்னலில் நின்று அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை பாலிஸ்டரைக் கூப்பிட்டேன். நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அவர் எடுத்து, பழைய ஆப்பிள் பெட்டியில் வைக்கோல் போட்டு வைத்து, கயிறு கட்டிக் கொடுத்தார். உறைபனி, அதனால் அப்படியே இருக்கின்றன என்றார். நான் பார்க்கவில்லை.

நாளை ஹேசல் பெட்டியோடு வருகிறாள். நான் வரவில்லை. வில்ஃபின் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது. அடிக்க வேண்டும் போலவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் அவர் எதிரே நின்று செய்ய முடியாது.

பெரில்


ஹை ராஸ்கில் பண்ணை
17 பிப்ரவரி

அன்புள்ள பெரில்,

முடிந்துவிட்டது. நீ வராததால் நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆர்ச்சி அந்தப் பெட்டியைத் தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்தார். வாசலில் வில்ஃப் நின்றிருந்தார். வாங்கக் கை நீட்டினார். ஹேசல் அவருக்குக் கொடுக்காமல் தானே தூக்கிவந்து சமையலறையில் வைத்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "குழி வேணும். குதிரைக்குத் தோண்டற குழி."

அவர் மேட்டு மண்ணையெல்லாம் வாரி ஒதுக்கினார். பழைய வைக்கோல் கட்டுகளைக் கொண்டுபோய் அந்த இடத்தில் அடுக்கித் தீ வைத்தார். நாள் முழுக்கப் புகைந்தது. மேல்பண்ணைக்காரர் என்ன விஷயம் என்று வேலிப் பக்கம் வந்து கேட்டார். வில்ஃப் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார் பெரில். குதிரை, ஈரல், பொய், உன் ஃபெரட்கள், எல்லாம். நான் பால் கறந்துகொண்டிருந்தேன், எனக்கே கேட்டது. அவர் தன்னைப் பற்றி இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அந்த மனிதர் இன்னொரு கடப்பாரையைக் கொண்டுவந்து வேலிக்கு இந்தப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் இளகிய மண்ணைத் தோண்டினார். ஹேசல் ஓரத்தில் நின்றாள். இடுப்பளவு வந்ததும் வில்ஃப் நிமிர்ந்து பார்த்தார். "இன்னும்" என்றாள் அவள். மறுபடி தோண்டினார். மார்பளவு வந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் வேர்வை, வாயிலிருந்து புகை. நான் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஹேசல் என் கையைப் பிடித்தாள். "மருத்துவர் ஆழமான்னு சொன்னாரில்லம்மா" என்றாள். அவர் கேட்டுவிட்டு மறுபடி குனிந்தார். கடைசியில் தொப்பி மட்டும்தான் தெரிந்தது.

அப்போதுதான் அவள் பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். எட்டிப் பார்த்தேன். அவர் மண்டியிட்டுப் பெட்டிக்கு அடியில் கல் எதுவும் இல்லாமல் தடவிச் சமன் செய்துகொண்டிருந்தார். நாலும் அவர் வளர்த்தவைதானே. பெட்டியின் மேல் கையை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நீ வைத்த பெயர்கள் இல்லை. முயல் வேட்டை நாளில் அவர் கூப்பிட்ட பழைய பெயர்கள். எனக்கே மறந்துபோயிருந்தன. ஹேசலுக்குத் தெரியவே தெரியாது. ஐந்தாவது பெயரையும் சொல்லப் போய் நிறுத்தினார். "அது உயிரோட இருக்கில்ல?" என்று கீழிருந்து கேட்டார். இருக்கிறது, நாலு வாய் தின்றது என்றேன்.

வெளியே வர அவரால் முடியவில்லை. சுவர் வழுக்கியது, அந்த முட்டியால் ஏற முடியாது. கையை உயர்த்தினார், என்னைப் பார்த்து இல்லை. ஹேசலைப் பார்த்து.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பிக் கொட்டகைக்குப் போனாள். வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஏணியை இழுத்துக்கொண்டு வந்தாள். தனியாக, தரையில் தேய்த்துத் தேய்த்து. குழிக்குள் இறக்கி, ஆடாமல் இருக்க மேல்முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் ஒவ்வொரு படியாக ஏறி மேலே வரும்வரை பிடித்திருந்தாள். வந்ததும் விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

இன்னும் அவரிடம் பேசவில்லை.

நோர்மா